முறை சரிதான்

அவர் பெயர் கோண்ட்வானி. மலாவி நாட்டில் அது நல்ல பெயர், சந்தோஷமாக இரு என்று அர்த்தம். ஆனால் திருத்தணியில் அதை யாரிடம் சொன்னாலும் 'கொண்டு வா நீ' என்றுதான் காதில் விழும். போனில் முதல் முறை அந்தப் பெயரைக் கேட்ட என் அம்மா, "இன்னாத்த கொண்டாரணும்?" என்று கேட்டாள். அது ஒரு ஆளின் பெயர் என்று விளக்கியதும், "பேரா? யாரையோ வேலை ஏவறாப்பல கீதேடி" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது அவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

நான் பானுப்ரியா, நர்ஸ். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் பெருமாளின் மகள். சில வருடங்களாக மலாவியில், பெரிய ஏரி ஒன்றின் கரையோரம் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மிஷனரி என்றால் சாந்தமாக இருக்க வேண்டும் என்று எங்கள் பாஸ்டர் சொல்லிப் பார்த்தார், எனக்காக ஜெபித்தும் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஞானஸ்நானத்தின்போது கிரேஸ் என்று பெயர் மாற்றிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். "எங்க நைனா வெச்ச பேரக் கூப்புட கர்த்தருக்கு வாய் வராதா?" என்று கேட்டேன். பானுப்ரியா என்றே தண்ணீரில் முங்கி, பானுப்ரியா என்றே எழுந்தேன்.

நைனா முருகன் பக்தர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்காத வருடம் அவர் வாழ்க்கையில் கிடையாது. நர்ஸிங் படிக்கும்போது நான் இயேசுவை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்ன நாளில் அவர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அப்புறம், "உனுக்கு எந்த சாமி புடிக்குதோ அத்த கும்புடு. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் ஊட்டுக்கு வந்துடணும்" என்றார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். எத்தனை வீட்டில் இப்படி ஒரு தகப்பன் கிடைப்பான்?

அண்ணன் குமரேசனால் அப்படி விட முடியவில்லை. அவன்மேலும் தப்புச் சொல்ல மாட்டேன். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் போட்டு, நூலோடும் மின்சாரத்தோடும் மல்லுக்கட்டி முன்னுக்கு வந்தவன். ஆர்.கே.பேட்டையில் எனக்கு ஒரு நல்ல இடம் பார்த்துப் பேசி முடித்திருந்தான். நான் ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன், கல்யாணம் வேண்டாம் என்றதும், அந்த வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றது அவன்தான். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினான். லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரே வீட்டில்தான் இருப்போம். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லுவான். இல்லாவிட்டால் யுவஸ்ரீ அண்ணியிடம், "அவங்கள சாப்புடச் சொல்லு" என்பான். கூடப் பிறந்த தங்கையை 'அவங்க' என்கிறானே, அதற்கு என்னை நேராகத் திட்டியிருக்கலாம்.

அண்ணன் பேச வேண்டும் என்று ஒவ்வொரு காலையிலும் ஜெபிப்பேன். கர்த்தர் என் மற்ற ஜெபங்களுக்கெல்லாம் ஆமென்றோ இல்லையென்றோ பதில் சொல்லியிருக்கிறார். இதற்கு மட்டும் அவரும் அண்ணனைப் போலவே கம்மென்று இருந்தார்.

கோண்ட்வானி எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர். முதல் சந்திப்பே சண்டை. காய்ச்சலில் துடிக்கிற ஒரு குழந்தைக்கு மருந்து வாங்க நான் ஓடினால், சீட்டில் டாக்டர் கையெழுத்து இல்லை, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று பொறுமையாகச் சொல்கிறார் இந்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இங்கிலீஷ் போன இடம் தெரியவில்லை. "மனுசனாய்யா நீ?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கையெழுத்தோடு திரும்பி வந்தபோது மருந்தை அளந்து தயாராக வைத்திருந்தார். நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது. காலை வணக்கம் என்று சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு, "மனுசனாய்யா நீ" என்று வணக்கம் சொல்வார். மதுரையிலிருந்து வந்த ஒரு டாக்டர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்து உண்மையைப் போட்டு உடைக்கும்வரைக்கும் இது நடந்தது. அன்றைக்குக் கோண்ட்வானி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இனிமேல் உன் வார்த்தைக்கு அர்த்தம் உன்னிடம் கேட்க மாட்டேன். நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்" என்றார். பிறகு நான் அம்மாவிடம் வீடியோவில் பேசும்போதெல்லாம் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். படிப்பது போலப் பாவனை. காது முழுக்க எங்கள் வீட்டில்.

எப்போது பிடித்துப்போயிற்று என்றால், ஒரு மழைக்காலத்தில். மலேரியா வார்டில் நான் பத்து நாள் பார்த்துப் பார்த்துக் கவனித்த ஒரு பெண் குழந்தை போய்விட்டது. எல்லாரும் தேவசித்தம் என்றார்கள். நானும் மற்றவர்களுக்கு அதைச் சொல்லுகிறவள்தான். அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தேன். கோண்ட்வானி ஒரு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் கோபமாக இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்தே கர்த்தரிடம் கேட்போம்" என்றார். இரண்டு பேரும் கேட்டோம். அழுதுகொண்டே கேட்டோம். என் கோபத்தை அடக்கச் சொல்லாமல் அதோடு கூட உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

கல்யாணத்தைப் பற்றி அவர் கேட்ட விதமே வேறு. "உன் ங்கோஸ்வே யார்?" என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு ஒருவர், மாப்பிள்ளைக்கு ஒருவர் என்று ங்கோஸ்வே இருக்க வேண்டும். பெண்ணின் தாய்மாமனோ அண்ணனோ அந்த இடத்தில் நிற்பார். அவர் முன்னால் நின்று பேசினால்தான் சம்பந்தம். அவர்கள் சபையும் அதற்கு அப்புறம்தான் தேதி குறிக்கும். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக மாப்பிள்ளை பக்கம் ஒரு சேவல் கொடுக்கும், பெண் பக்கம் ஒரு கோழி கொடுக்கும். கோழி வந்தால் சரி என்று அர்த்தம். வராவிட்டால் சேவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. "எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். என்னோடு பேச மாட்டான்" என்றேன்.

"அப்படியென்றால் நான் போய்க் கேட்கிறேன்" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு நான் முன்னாடியே ஊருக்கு வருவது, கிருத்திகை முடிந்து வீடு ஓய்ந்த பிறகு அவர் வருவது, கூட வேலை செய்கிறவர் ஊர் பார்க்க வந்திருக்கிறார் என்று அறிமுகப்படுத்துவது, பிறகு நைனாவிடம் மெல்ல விஷயத்தைச் சொல்லி அவர் மூலமாக அண்ணனிடம் போவது. இதுதான் திட்டம். நைனாவை ஐயா என்றும், அம்மாவை அம்மா என்றும், அண்ணனை அண்ணா என்றும் கூப்பிடச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் கிருத்திகை முடிந்த பிறகும் சில நாள் கறி, மீன் பேச்சே எடுக்கக் கூடாது. அதனால் போனில் இங்கிலீஷில் தெளிவாக, "கோழி வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலை. வீடு முழுக்கப் பூ. நைனா கூடத்தில் காவடிக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை ரத்தினம்மாள் அத்தை நகரியிலிருந்து வந்து நாரை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காவடிக் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணியும், காலேஜ் லீவுக்கு வந்திருந்த அவள் தங்கை சினேகாவும் அடுப்படியில் இருந்தார்கள். வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நெடுநெடுவென்று ஒரு ஆள் குனிந்து இறங்கினார். கோட்டும் டையும் போட்டிருந்தார். அக்குளில் ஒரு சேவல் இருந்தது.

கோண்ட்வானிதான். அவர் சொல்லி வைத்திருந்த லாட்ஜில் காவடிக்காரர்கள் கூட்டம் தாங்காமல் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். கிடைத்த விமானத்தில் முன்னாடியே சென்னையில் இறங்கியவர், அறையும் இல்லாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். நடுவில் கே.ஜி.கண்டிகைக்கு ஆட்டோவை விட்டுச் சேவல் வேறு வாங்கியிருக்கிறார்.

"கிருத்திகையும் அதுவுமா கோழியக் கொண்டாந்துகீறானே" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"வேண்டாமென்று சொன்னேனே" என்று நான் இங்கிலீஷில் பல்லைக் கடித்தேன்.

"நீ கோழி வேண்டாம் என்றாய். கோழி உங்கள் பக்கம் தர வேண்டியது, எனக்குத் தெரியாதா? இது சேவல்" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். நைனாவைப் பார்த்து, "வணக்கம் ஐயா" என்றார். அம்மாவைப் பார்த்து, "வணக்கம் அம்மா" என்றார். இரண்டும் சுத்தமாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். சேவலோடு சேர்த்து இரண்டு கையையும் குவித்து, தலையை நன்றாகத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னார்.

"வணக்கம் பாவா."

அடுப்படி வாசலில் நின்ற சினேகா வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, எங்க பாவாவ பாவான்றாரு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வீடியோவில் பேசும்போது அண்ணன் எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பான். பின்னால் இந்தப் பெண் சினேகா, "பாவா, டீ", "பாவா, சார்ஜர் எங்க?" என்று சுற்றிச் சுற்றி வருவாள். தெருவில் போகிற எவனையும் அண்ணா என்கிறார்கள், வீட்டுக்குள்ளே மரியாதையான வார்த்தை பாவா போலிருக்கிறது என்று இவர் முடிவு கட்டியிருக்கிறார். நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்று சொன்னவர் அல்லவா.

எங்கள் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். அப்பா நைனா. அக்காவின் புருஷன் பாவா, பெண்டாட்டியின் அண்ணனும் பாவா, அந்த அண்ணனும் தங்கை புருஷனைத் திருப்பிப் பாவா என்றே கூப்பிடுவான். சம்பந்தம் செய்துகொண்ட வீட்டில், செய்துகொள்ளப் போகிற வீட்டில்தான் அந்த வார்த்தை செல்லும். சினேகாவின் அக்காவைக் கட்டியிருப்பதால் அண்ணன் அவளுக்குப் பாவா. எங்கிருந்தோ வந்த ஒரு ஆண்பிள்ளை குமரேசனைப் பாவா என்றால், குமரேசன் தங்கையை அவன் கட்டியிருக்க வேண்டும், அல்லது கட்டப் போகிறான். இதற்கு நடுவில் வேறு அர்த்தம் கிடையாது.

நைனா பூச்சரத்தைக் கீழே வைத்தார்.

"பானு. இது இன்னா முறை?"

அண்ணன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். கையிலிருந்த துணி மட்டும் நின்றுவிட்டது. அவன் காத்திருந்தான் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் சொல்லிவிட்டார், பாஷை தெரியாதவர் என்று நான் சொன்னால் போதும். எல்லாரும் சிரிப்பார்கள், காபி கொடுப்பார்கள், கிருத்திகை நல்லபடி முடியும். நான் போட்ட திட்டமும் பிழைத்துக்கொள்ளும். அது பொய்யும் இல்லை. ஆனால் கடலைத் தாண்டி, சேவலைத் தூக்கிக்கொண்டு, டை கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷனைப் பார்த்தேன். இவரை யாரோ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தெரியாமத்தான் சொன்னாரு நைனா" என்றேன். "ஆனா முறை சரிதான்."

ரத்தினம்மாள் அத்தை கையிலிருந்த நாரைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் நைனா கோண்ட்வானியை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சேவலைப் பார்த்தார். சேவல் அவரைப் பார்த்தது. "அத்த எதுக்குக் கொண்டாந்தாராம்?" என்று கேட்டார். அவர்கள் ஊர் வழக்கத்தை நான் சொன்னேன். நைனா மோவாயைத் தடவிக்கொண்டார்.

"கிருத்திகைக்கு மொத நாளு சேவலு தானா ஊட்டுக்கு வந்துகீது. அத்த இன்னான்னு சொல்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கொண்டும் போயி கறிவேப்பில மரத்துல கட்டு. அரிசி போடு. அவர உக்காரச் சொல்லு."

கோண்ட்வானி உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். "நன்றி அம்மா" என்றார். காபி கொடுத்தாள், "நன்றி அம்மா" என்றார். விசிறியை இந்தப் பக்கம் திருப்பி வைத்தாள், அதற்கும் நன்றி. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, மேடையில பேசறாப்பல நன்றி சொல்லிகினே கீறாரு? ஊட்டு மனுசங்களுக்கு எவனாவது நன்றி சொல்லுவானா? இன்னொரு தபா நன்றின்னா சோறு கெடையாதுன்னு சொல்லிடு" என்றாள். எனக்கு அந்தப் பதற்றத்திலும் ஒரு குளிர்ச்சி உண்டாயிற்று. அம்மா தெரியாமல் அவரை வீட்டு மனுஷர் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

"சரி. என்ன கேக்கணுமோ கேக்கச் சொல்லு" என்றார் நைனா.

கோண்ட்வானி தயங்கினார். "ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் கேட்க வந்தது உங்களிடம் இல்லை, அவளுடைய அண்ணனிடம்" என்றார்.

"பெத்தவன் நானு. என்னக் கேக்க மாட்டாராமா?" நைனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"தகப்பனுக்கு மகள்மேல் பாசம் அதிகம். அவரால் நியாயம் பேச முடியாது. அதனால்தான் எங்கள் பக்கம் அண்ணனை வைக்கிறோம்" என்றார் கோண்ட்வானி. அவர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் நான்தான் வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் 'அவள்' என்று சொன்ன இடத்திலெல்லாம் நான் 'நான்' என்று மாற்ற வேண்டும். அண்ணி என் காதோரம் வந்து, "பின்னாலதான் கீறாரு. ஜன்னலாண்ட குந்திகினு கீறாரு" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நாளைக்கு இவரு என்கிட்ட தப்பா நடந்துகினா, நான் போன் பண்ண வேண்டியது அண்ணனுக்காம். அண்ணன் வந்து இவர நிக்க வெச்சுக் கேக்கணுமாம். இவரு பதில் சொல்லியே ஆவணுமாம். நான் தப்புப் பண்ணாலும் இவரு நேரா என்கிட்ட கத்தக் கூடாதாம், அண்ணன்கிட்டதான் சொல்லணுமாம். அதுக்குத்தான் அந்த ஆளு."

நைனா தலையை ஆட்டினார்.

"அண்ணன் என்கிட்ட பேசறதில்லன்னு இவருக்குத் தெரியும். பேசாத அண்ணன நான் எப்படிக் கூப்புடுவேன்னு கேக்கறாரு. அவ்ளோ தொலைவுல, எனக்குன்னு கேக்க ஒரு ஆளு இல்லாம, என்னக் கூட்டிகினு போவ மாட்டாராம். அண்ணன் என்கிட்ட பேசற வரைக்கும்..." நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். கோண்ட்வானி மெதுவாக மீதியைச் சொன்னார். நான் அதையும் சொல்லி முடித்தேன். "பேசற வரைக்கும் கல்யாணம் கெடையாதாம்."

இத்தனை வருடமாக அண்ணன் கோபம் எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம் என்றுதான் நினைத்திருந்தேன். அது என்னைத் தனியாளாக ஆக்கிவைத்திருக்கிறது என்பதை இன்னொருவர் வாயால் கேட்டு, அதை நானே தமிழில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் ஒரு அசைவும் இல்லை. அண்ணனுடைய வண்டி கிளம்புகிற சத்தமும் கேட்கவில்லை.

"அவன் மனசு அவன்கிட்டதான் கீது. நான் சொல்லி மாத்த முடியாது" என்றார் நைனா. "மொதல்ல கிருத்திகை முடியட்டும்."

மறுநாள் மலையில் அரோகரா சத்தம் விடியும் முன்பே ஆரம்பித்துவிட்டது. வழக்கம்போல நான் தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்துக்கொண்டு நைனாவோடு போனேன். நான் சந்நிதிக்குள் போவதில்லை, வெளியே நிற்பேன். ஒரு மிஷனரி மலைக்குப் போகலாமா என்று கேட்கிற ஆட்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். முட்டி வலியோடு படி ஏறுகிற என் தகப்பனுக்கு நான் தண்ணீர் கொடுக்கிறேன், இதில் யாருக்கு என்ன வந்தது?

கோண்ட்வானியும் வந்தார். டை கட்டாமல், நைனா கடையில் எடுத்துக் கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தார். பாதிப் படியில் நைனாவுக்குக் கால் மடங்கியது. காவடி சாய்வதற்குள் கோண்ட்வானி தோள் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு கை நைனா முதுகில், ஒரு கை காவடிக் கொம்பில் என்று மேலேவரைக்கும் வந்தார். சந்நிதி வாசலில் காவடியை, முன்னாடியே ஏறியிருந்த அண்ணன் கையில் கொடுத்துவிட்டு என்னோடு வந்து வெளியே நின்றுகொண்டார். இரண்டு பேர் கையும் ஒரு கணம் அந்தக் கொம்பில் சேர்ந்திருந்தது. அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"யாருங்க இவரு?" என்று பக்கத்திலிருந்த காவடிக்காரர் அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "எங்க ஊட்டுக்கு வந்துகீறவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வீட்டிலோ சேவல்தான் ராஜா. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கறிவேப்பிலை மரத்தடியில் நின்று, "முருகனுக்கு நேந்து உட்டதா?" என்று கேட்டார்கள். "ஆங்" என்றாள் ரத்தினம்மாள் அத்தை, கொஞ்சமும் கூசாமல். சிலர் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். அதுவும் பெருமையாகக் கழுத்தை நீட்டிக் கூவியது. கோண்ட்வானி கவலையோடு, "இதை இனிமேல் எங்கள் வழக்கத்துக்கு எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அதற்கு மறுநாள் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அண்ணனைக் காலையிலிருந்து காணவில்லை. பொதட்டூர்பேட்டைக்கு லூமைப் பார்க்கப் போயிருப்பான் என்றாள் அண்ணி. கோண்ட்வானி பெட்டியை அடுக்கி வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "கோழி வராவிட்டால் சேவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்பது சட்டம். இந்தச் சேவலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்று விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

பத்து மணி வாக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தான். சட்டையெல்லாம் இறகு. கையில் ஒரு கறுப்புக் கோழி. கால்கள் லுங்கிக் கரைத் துணியால் கட்டியிருந்தன. அது வழி முழுக்க அவனைக் கொத்திக்கொண்டே வந்திருக்க வேண்டும், மணிக்கட்டில் ரத்தம்.

நேரே கோண்ட்வானியிடம் போனான். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, சுவரைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இந்தா பாவா, புடி."

கோண்ட்வானி கோழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உதடு நன்றி என்று சொல்லத் திறந்தது. அம்மா முறைத்தாள். மூடிக்கொண்டார். கண்ணீர் மட்டும் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. நைனா எழுந்து போய்த் தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "கொண்டு வா நீன்னு பேரு வெச்சிகினு, எங்களக் கொண்டார வெச்சுட்டியேப்பா" என்றார்.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. எப்போதும் போல் அண்ணியைத் தேடுவான், அவளிடம் ஏதோ சொல்லுவான் என்று நினைத்தேன்.

"நின்னுகினு இன்னாடி பாக்கற?" என்று என்னையே கேட்டான். "கோழி தவிச்சுப் போயி கீது. தண்ணி வை."

இத்தனை வருடம் ஒவ்வொரு காலையும் ஜெபித்துக் கேட்ட பதில் அது. 'ங்க' இல்லை, 'அவங்க' இல்லை. சுத்தமான திட்டு. அண்ணன் தங்கையைத் திட்டுகிற திட்டு.

தண்ணீர் வைத்தேன். கறிவேப்பிலை மரத்தடியில் குங்குமம் வைத்த சேவலுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கோழி குடிக்கிற வரைக்கும் அங்கேயே குந்தி உட்கார்ந்து கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நைனாவுக்காக, அம்மாவுக்காக, சினேகாவின் ஓயாத வாய்க்காக, லாட்ஜ்காரன் கொடுக்காத அறைக்காக, எல்லாவற்றுக்கும் பேர் பேராகச் சொன்னேன். அண்ணனிடம் போய் மட்டும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவான்.